பெடோமீட்டர் மாட்டி நடந்தும் எடை இறங்கவில்லை, என்ன செய்யலாம்?

கல்லாப்பெட்டி, திருச்சி:

வணக்கம். வயது 44, உயரம் 168 செ.மீ., எடை 86 கிலோ. மொத்த மளிகைக் கடை, காலையில் ஷட்டர் தூக்கினால் ராத்திரி வரைக்கும் கல்லாவில் உட்கார்ந்தே இருக்கிற வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறைங்க, நடங்க என்று டாக்டர் சொல்லிவிட்டார். மச்சான் நடக்கிற ஸ்டெப்பை எண்ணுகிற பெடோமீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தார், பெல்ட்டில் மாட்டுகிற பழைய மாதிரி, ஆட்டினால் உள்ளே டிக் டிக் என்று சத்தம் வரும். வேட்டி மேல் கட்டுகிற பச்சை பெல்ட்டில் வயிற்றுக்கு நேராக மாட்டிக்கொண்டு காலையில் வாக்கிங் போய்வந்து, அப்படியே நாள் முழுக்க வைத்திருக்கிறேன். தினம் பத்தாயிரம் ஸ்டெப் போட்டே ஆகணும் என்கிறார் மச்சான், எனக்கு ஆறாயிரம் தாண்டுவதே பெரும்பாடு. சட்டைப் பையில் இருக்கிற போன் அதே நடைக்குக் கூடுதலாகக் காட்டுகிறது. மணப்பாறைக்கு பைக்கில் போய்வந்த அன்றைக்கு மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, வீட்டில் எல்லாருக்கும் சிரிப்பு. இரண்டு மாதமாக நடக்கிறேன், ஒரே ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது. இந்த மெஷினை நம்பலாமா, பத்தாயிரம் கட்டாயமா, எடை ஏன் இறங்கவில்லை? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிசியோ அக்கா, மதுரை:

சார், முதலில் மெஷினை இடம் மாற்றுங்கள். டிக் டிக் சத்தம் வருகிறது என்றால் அது ஸ்பிரிங் வைத்த மாடல். உள்ளே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், ஒவ்வொரு காலடிக்கும் இடுப்பு ஏறி இறங்கும்போது அது ஒருமுறை ஆடும், அந்த ஆட்டத்தைத்தான் எண்ணுகிறது. மெஷின் செங்குத்தாக நின்றால்தான் அது ஒழுங்காக ஆடும். தொப்பை பெல்ட்டை முன்பக்கம் சாய்த்துவிட்டால் மெஷினும் சாய்ந்துவிடும், பாதி ஸ்டெப் கணக்கில் வராது. எடை கூடினவர்களுக்கு இந்த மாடல் குறைத்துக் காட்டுவது தெரிந்த விஷயம்தான், மெதுவாக நடந்தாலும் அப்படித்தான். கொடுமை என்னவென்றால் இந்த மெஷின் யாருக்குத் தேவையோ அவர்களுக்குத்தான் தப்பாக எண்ணுகிறது.

தொப்புளுக்கு நேராக வேண்டாம், பக்கவாட்டில், முழங்காலுக்கு நேர் மேலே வருகிற மாதிரி இடுப்பில் மாட்டிப் பாருங்கள். மாட்டிவிட்டு வாய்விட்டு எண்ணி நூறு ஸ்டெப் நடங்கள். நான்கைந்து முன்னே பின்னே காட்டினால் பரவாயில்லை. எண்பது காட்டினால் அதைக் குழந்தைக்கு விளையாடக் கொடுத்துவிட்டு போனையே வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருப்பது வேறு வகை சென்சார், சாய்ந்து கிடந்தாலும் ஓரளவு சரியாக எண்ணும். பைக்கில் போகும்போது மெஷினைக் கழற்றிவிடுங்கள், குண்டும் குழியுமான ரோட்டின் குலுக்கலையும் அது நடையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

முருகன் டீ ஸ்டால்:

மெஷின் எல்லாம் எதுக்குங்க? எங்க தாத்தா எதை மாட்டிக்கிட்டு நடந்தார்? காலையில் முக்கால் மணி நேரம், கையை வீசி வேகமா நடந்தா போதும்.

ரேஸ்கோர்ஸ் ராஜி, கோவை:

முருகன் அண்ணா, உங்க தாத்தா நாள் முழுக்க கல்லாவில் உட்கார்ந்திருக்க மாட்டார், அதுதான் வித்தியாசம். முக்கால் மணி நேரம் நடந்துவிட்டோம் என்ற நினைப்பிலேயே மிச்ச நேரம் முழுக்க அசையாமல் இருந்துவிடுவோம், அதைக் காட்டிக்கொடுக்கத்தான் மெஷின்.

கல்லாப்பெட்டி அண்ணா, நீங்கள் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே, வேண்டுமென்றே விட்டீர்களா? எங்கள் ஊர் ரேஸ்கோர்ஸில் காலையில் வந்து பாருங்கள், ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். வியர்க்க விறுவிறுக்க சுற்றிவிட்டு நேராக பேக்கரிக்குப் போய் டீயும் பப்ஸும் சாப்பிடுகிற கூட்டம் அத்தனை இருக்கும். மெஷினோ போனோ காட்டுகிற கலோரிக் கணக்கைப் பார்த்து, இவ்வளவு எரிந்துவிட்டதே, ஒரு பப்ஸ் தாங்காதா என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அந்தக் கலோரி எண்ணைப் பார்க்கவே பார்க்காதீர்கள், அது குத்துமதிப்பு. ஸ்டெப் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள்.

பெண்களுக்கு ஒன்று: புடவையிலும் நைட்டியிலும் பாக்கெட் இல்லாததால் போன் சமையலறை மேடையிலேயே கிடக்கும், வீட்டுக்குள் நடக்கிற நடை எதுவும் கணக்கில் வராது. கையில் கட்டுகிற பேண்ட் வாங்கினால் சப்பாத்தி மாவு பிசைவதைக்கூட ஸ்டெப்பாக எண்ணும்! நான் பாக்கெட் வைத்துத் தைத்த சுடிதாருக்கு மாறிவிட்டேன்.

யீஷூன் மணி, சிங்கப்பூர்:

பத்தாயிரம் மருத்துவர்கள் ஆராய்ந்து வைத்த எண்ணே கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம், 1965ல், ஜப்பானில் ஒரு கம்பெனி பெடோமீட்டர் விற்க ஆரம்பித்து அதற்கு மான்போ-கெய் என்று பெயர் வைத்தார்கள், பத்தாயிரம் காலடி மீட்டர் என்று அர்த்தம். விற்பனைக்கு வைத்த பெயர் ஊர் உலகத்துக்கே விதியாகிவிட்டது. 2019ல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், நாளுக்கு 4,400 ஸ்டெப் நடந்தவர்களிடையேகூட 2,700 நடந்தவர்களைவிட மரண விகிதம் குறைவு. சுமார் 7,500க்கு மேல் அந்தப் பலன் கூடவில்லை. இது ஆயுள் கணக்கு, எடைக் கணக்கு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எடைக்கு வருவோம். 2008ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், சாப்பாட்டை மாற்றாமல் பெடோமீட்டர் வைத்து நடக்க மட்டும் செய்தவர்களுக்குச் சராசரியாகக் குறைந்தது ஒன்றேகால் கிலோ சொச்சம்தான். உங்களுக்கு ஒரு கிலோ. அப்புறம் என்ன கவலை? கணக்கும் சரியாகத்தான் வருகிறது. முன்பைவிட 2,500 ஸ்டெப் கூடுதல் என்றால் ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், உங்கள் எடைக்கு 80, 100 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி, வகுத்துப் பாருங்கள். நடுவில் தினம் ஒரு உளுந்து வடை உள்ளே போனால் நடந்து எரித்தது மொத்தமும் திரும்ப வந்துவிடும்.

அதற்காக மெஷின் வீண் என்று சொல்லவில்லை. 2007ல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பெடோமீட்டர் மாட்டினவர்கள் நாளுக்கு 2,500 ஸ்டெப் அளவுக்குக் கூடுதலாக நடந்திருக்கிறார்கள், இத்தனை என்று ஓர் இலக்கு வைத்திருந்தவர்களிடம்தான் அந்த ஏற்றம். இங்கே 2015லிருந்து அரசாங்கமே ஸ்டெப் சேலஞ்ச் நடத்துகிறது, கையில் கட்டும் கருவியை இலவசமாகக் கொடுத்து, நடந்தால் வவுச்சரும் கொடுத்தார்கள். வவுச்சருக்காகவே என் மனைவி ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கி நடந்து வருவார், கோப்பியில் ஊற்றுகிற கண்டென்ஸ்டு மில்க்கை மட்டும் குறைக்க மாட்டார்.

கல்லாப்பெட்டி, திருச்சி:

எல்லாருக்கும் நன்றி. பக்கவாட்டில் மாட்டி நூறு எண்ணி நடந்தேன், 97 காட்டியது. முன்பக்கம் மாட்டினால் அதே நூறுக்கு 71! ராஜி மேடம் கேட்டதற்குப் பதில்: காலை வாக்கிங் முடித்து இரண்டு வடை, கடையில் மூன்று நான்கு டீ, எல்லாம் சர்க்கரையோடுதான், ராத்திரி கடை சாத்திய பிறகு பரோட்டா. இப்போது வடையை விட்டுவிடலாம், பரோட்டா வாரம் ஒருநாள் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் கல்லாவை விட்டு எழுந்திருக்க முடியாதே, ஸ்டெப்பை எங்கிருந்து கூட்டுவது?

பிசியோ அக்கா, மதுரை:

வடையோடு டீச் சர்க்கரையையும் நிறுத்துங்கள், உங்களுக்கு அதுதான் முதலில்.

புது இடத்தில் மாட்டி ஒரு வாரம் எதையும் மாற்றாமல் நடங்கள், வருகிற சராசரிதான் உங்கள் அடித்தளம். ஏழாயிரம் வருகிறது என்று வையுங்கள், அடுத்த வாரம் ஏழாயிரத்து ஐந்நூறு, அது பழகினபிறகு இன்னொரு ஐந்நூறு. மச்சானின் பத்தாயிரத்துக்கு ஒரே தாவாகத் தாவினால் முழங்கால்தான் முதலில் வந்து புகார் சொல்லும், 86 கிலோவுக்கு ரப்பர் செருப்பில் நடக்கவும் வேண்டாம், ஷூ போடுங்கள். கடையில் போன் பேசுகிற நேரம் முழுக்க எழுந்து நடங்கள், மொத்த வியாபாரிக்கு போனுக்கா பஞ்சம்? குடோனில் சரக்கு பார்க்கப் பையனை அனுப்பாமல் நீங்களே போங்கள். மதியமும் ராத்திரியும் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுகிற சர்க்கரை கொஞ்சம் அடங்கும், உங்களுக்கு எடையைவிட அது முக்கியம். காலை வாக்கிங்கில் நிமிடத்துக்கு நூறு ஸ்டெப் வருகிறதா என்று பாருங்கள், அதற்குக் கீழே என்றால் உலாத்தல்தான். எடையோடு இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள், நம்மூர் ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை ஏதாவது ஆரம்பித்திருந்தால் நடையைக் கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.