எலக்ட்ரீஷியன் பை: எதை எங்கே வைத்தால் கை தேடாது

எலக்ட்ரீஷியன் எப்படிப்பட்ட பை வாங்குவது, அதில் எதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, வெவ்வேறு வேலை பார்க்கும் ஆறு பேர் சொன்ன பதில்கள் இவை.

வீட்டு வயரிங் வேலை பார்ப்பவர்:

பையை முதலில் வாங்கிவிட்டு அதற்குள் டூல்ஸைத் திணிப்பதுதான் பலரும் செய்வது. தலைகீழாகச் செய்யுங்கள். தரையில் ஒரு போர்வையை விரித்து, கையில் இருக்கும் எல்லாவற்றையும் பரப்பி, மூன்று குவியலாகப் பிரியுங்கள். எந்த வேலைக்குப் போனாலும் எடுப்பவை ஒன்று. வாரத்தில் ஒன்றிரண்டு முறை எடுப்பவை இன்னொன்று. குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் தேவைப்படுபவை மூன்றாவது. முதல் குவியல் எவ்வளவு இடம் கேட்கிறதோ அதுதான் பையின் அளவு. இரண்டாவது குவியலுக்குத் தனிப் பெட்டி. மூன்றாவது வண்டியிலோ வீட்டிலோ இருக்கட்டும்.

முதல் குவியலில் என்ன வரும் என்றால், 8 இன்ச் கட்டிங் பிளேயர், 6 இன்ச் நோஸ் பிளேயர், சைடு கட்டர், வயர் ஸ்ட்ரிப்பர், டெர்மினல் ஸ்குரூவுக்கு 3 அல்லது 3.5 மி.மீ. தட்டை முனை ஸ்குரூ டிரைவர், சற்றுப் பெரிய வேலைக்கு 5.5 மி.மீ., நட்சத்திர முனையில் 1-ஆம் நம்பரும் 2-ஆம் நம்பரும், டெஸ்டர், மல்டிமீட்டர், கத்தி, அளவு டேப், பென்சில், இன்சுலேஷன் டேப், தலையில் மாட்டும் விளக்கு. எல்லாம் சேர்ந்து மூன்று கிலோவை ஒட்டித்தான் நிற்கும். இதற்கு 16 இன்ச் நீளப் பை போதும். 20 இன்ச் வாங்கினால் மிச்ச இடத்தில் அறுந்த வயர், பழைய சுவிட்ச், யாரோ கொடுத்த ஹோல்டர் எல்லாம் குடியேறிவிடும். காலியிடம் இருக்கும் பை நாளுக்கு நாள் கனமாகிக்கொண்டேதான் போகும்.

கடையில் பையைக் கையில் எடுத்தவுடன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். துணி அடி வேண்டவே வேண்டாம். ஈரத் தரையில் வைத்ததும் தண்ணீரை உறிஞ்சும். நின்ற நிலையில் இருக்கும் ஸ்குரூ டிரைவர் முனைகள் கொஞ்ச நாளில் அதைக் குத்திக் கிழிக்கும். வார்ப்பு பிளாஸ்டிக் அல்லது கெட்டி ரப்பர் அடி இருந்தால் இரண்டுமே நடக்காது, பையும் சாயாமல் நிற்கும். அடுத்து, தோளில் மாட்டும் பட்டை பையோடு சேரும் இடம். நான்கு பக்கமும் தைத்து நடுவில் குறுக்காகப் பெருக்கல் குறி போட்ட தையல் இருக்க வேண்டும். ஒரே வரித் தையல் என்றால் அந்த இடம்தான் முதலில் விடும். உள்ளே டூல்ஸ் செருகும் பட்டைகள் கெட்டி நாடாவில் இருக்கட்டும். எலாஸ்டிக் பட்டை புதிதில் இறுக்கமாகப் பிடிக்கும், பிறகு தொளதொளத்து எல்லாவற்றையும் கீழே விட்டுவிடும்.

உட்புறத்தின் நிறத்தை யாரும் கவனிப்பதில்லை. கறுப்புத் துணிக்குள் கறுப்புப் பிடி போட்ட கட்டரை, வெளிச்சம் இல்லாத மாடிப்படிக்கு அடியில் தேடிப் பாருங்கள், புரியும். ஆரஞ்சு, சாம்பல், வெளிர் மஞ்சள், எதுவானாலும் சரி.

வாய் திறந்த பையா, ஜிப் வைத்ததா என்று கேட்டால், சுவர் வெட்டும் வேலை அதிகம் என்றால் ஜிப். பழுது பார்க்கும் வேலை மட்டும் என்றால் மேலே கம்பிப் பிடி போட்ட திறந்த பை. அதில் எல்லாம் நின்றபடி கண்ணுக்குத் தெரியும். ஜிப் பையில் பல் பெரிதாக, பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். சிமெண்ட் தூசி புகுந்து இறுகினால் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயும் தூசியும் குழைந்து களிம்பாகிவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்துவிட்டு, மெழுகுவத்தியை ஒரு முறை ஓட்டினால் போதும்.

பேனல் போர்டு வேலை பார்ப்பவர்:

அண்ணன் சொன்ன குவியல் பிரிப்பு சரி. அதோடு இன்னொரு பிரிப்பும் வேண்டும்: வெட்டும், அறுக்கும் சாமான்களும் இன்சுலேட்டட் டூல்ஸும் (மின்சாரம் பாயாத உறை போட்ட டூல்ஸ்) ஒரே அறையில் படவே கூடாது.

கைப்பிடியில் நிறம் பூசிய பிளாஸ்டிக் இருந்தாலே அது இன்சுலேட்டட் டூல் ஆகிவிடாது. ஐ.ஈ.சி. 60900 என்ற சர்வதேசத் தரத்தில் சோதித்ததில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். ஏ.சி.யில் 1000 வோல்ட் வரை, டி.சி.யில் 1500 வோல்ட் வரை என்பது அதன் பொருள். பல கம்பெனிகள் இரண்டு நிற அடுக்காகச் செய்கின்றன. மேல் அடுக்கு கீறி உள் நிறம் எட்டிப் பார்த்தால் அந்த டூல் முடிந்தது. மேலே டேப் சுற்றி ஒப்பேற்றக் கூடாது. அந்தக் கீறலை உண்டாக்குவது பெரும்பாலும் வேலை அல்ல, பைதான். ஹாக்சா பிளேடு, உளி, டிரில் பிட் மூன்றும் அதே அறையில் கிடந்து, நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் உரசிக்கொண்டே இருக்கும். பிளேடுக்குப் பழைய கேசிங் பட்டைத் (சுவரில் வயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) துண்டு ஒன்றை உறையாகப் போடுங்கள். டிரில் பிட்டை அதன் பிளாஸ்டிக் குழாயிலேயே வையுங்கள். உளி பைக்கு வெளியே.

டெஸ்டர் இருக்க வேண்டிய இடம் வெளிப்பக்க அறை, குனியாமலே கை போய்ச் சேரும் இடம். அதே அறையில், அணைத்த சுவிட்சை வேறு யாரும் போட முடியாதபடி மாட்டும் லாக்-அவுட் பூட்டும் எச்சரிக்கை அட்டையும் இருக்கட்டும். காரணம் இருக்கிறது. வேலையின் வரிசையே அணை, பூட்டு, சோதி, பிறகு தொடு என்பதுதான். மூன்று சாமானும் ஒரே அறையில் இருந்தால் கை அந்த வரிசையிலேயே போகும். பூட்டு பையின் அடியிலும் ஸ்குரூ டிரைவர் மேலேயும் இருந்தால், அவசரத்தில் எது முதலில் வெளியே வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தொடாமலே காட்டும் பேனா டெஸ்டரை மட்டும் நம்பிப் பையைக் கட்டாதீர்கள். அது டி.சி.யைக் காட்டாது. உலோகக் கவசம் போட்ட கேபிளுக்குள் மின்சாரம் இருந்தாலும் காட்டாது. பக்கத்து வயரிலிருந்து வரும் தூண்டலில் செத்த வயரையும் உயிரோடு இருப்பதாகச் சொல்லும். இரண்டு முனையுள்ள வோல்டேஜ் டெஸ்டர் கட்டாயம் வேண்டும். அதையும் மின்சாரம் இருப்பது தெரிந்த ஓர் இடத்தில் முதலில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்து, திரும்பவும் தெரிந்த இடத்தில் வைத்து உறுதி செய்ய வேண்டும். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் மூன்றாவது படிதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மல்டிமீட்டருக்கு, உள்ளே மெத்தை வைத்த தனி அறை. மீட்டரின் லீடு (அளக்கும் வயர்) அறுவது நடுவில் அல்ல, பிளக் கழுத்தில். மீட்டரைச் சுற்றி இறுக்கிச் சுற்றி வைப்பதால் வருவது அது. உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வாக வளையமிட்டு, வெல்க்ரோ நாடாவால் கட்டி, மீட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். மீட்டரிலும் லீடிலும் இருக்கும் கேட் (CAT) எண், திடீர் மின்னழுத்த எழுச்சியை எந்த இடம் வரை தாங்கும் என்பதைச் சொல்வது. டிஸ்ட்ரிபியூஷன் போர்டு வரைக்கும் கேட் 3, கட்டடத்துக்குள் சர்வீஸ் கேபிள் நுழையும் இடத்தில் கேட் 4 தரம் வேண்டும். மீட்டர் கேட் 4 ஆக இருந்து லீடு கேட் 2 ஆக இருந்தால் மொத்தமும் கேட் 2 தான். லீடு முனையில் போடும் சின்ன மூடிகளைத் தொலைத்துவிடாதீர்கள். மூடி போட்டால் வெளியே தெரியும் உலோகம் 4 மி.மீ. அளவுதான் இருக்கும், முனை சறுக்கி இரண்டு பஸ்பாரை (பேனலில் மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை) ஒன்றாகத் தொடும் ஆபத்து பெரிதும் குறையும். மாற்று ஃபியூஸ் ஒன்றையும் அதே அறையில் வையுங்கள். மீட்டரில் குறிப்பிட்ட அதே ஆம்பியர், அதே வோல்ட். சாதாரணக் கண்ணாடி ஃபியூஸைப் போட்டு மீட்டரை ஓட்டினால், தவறான அளவீட்டில் வைத்துத் தொட்ட நொடியில் அது கையிலேயே வெடிக்கலாம்.

ரப்பர் கையுறை வைத்திருப்பவர்களுக்கு: கிளாஸ் 00 என்றால் 500 வோல்ட் வரை, கிளாஸ் 0 என்றால் 1000 வோல்ட் வரை. மடித்துத் திணிக்காதீர்கள். மடிப்பு விழுந்த இடத்தில்தான் ரப்பர் வெடிக்கும். நீளமான துணி உறையில் விரல்கள் மேலே பார்க்க, மணிக்கட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் வேண்டாம். போடும் முன் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, அழுத்தி, கன்னத்தருகே வைத்துக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

உயரத்தில் வேலை செய்பவர்:

ஏணிக்குப் பை ஏறக் கூடாது. இரண்டு காலும் ஒரு கையும் ஏணியில் இருக்க வேண்டும் என்றால், பையைப் பிடிக்க மிச்சம் இருக்கும் கை போதாது. இடுப்பில் மாட்டும் சின்ன பவுச்சில் அந்த வேலைக்கான நான்கைந்து மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைக் கயிற்றில் கட்டிய வாளியில் மேலே இழுங்கள். பவுச் இடுப்பின் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுத்தண்டுக்கு நேராகப் பின்னால் மாட்டினால், மல்லாந்து விழும்போது கட்டிங் பிளேயர் நேராக முதுகெலும்பில்தான் இறங்கும். கீழே ஆள் நடமாட்டம் இருந்தால் டூலுக்குச் சுருள் கயிறு போட்டு இடுப்போடு பிணைத்துவிடுங்கள். 300 கிராம் பிளேயர் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தால் அது பிளேயராக விழாது.

கடை, அலுவலக வயரிங் எடுத்துச் செய்பவர்:

டூல்ஸ் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பை குப்பையாவது டூல்ஸால் இல்லை, சில்லறைச் சாமானால். ஸ்குரூ, ராவல் பிளக் (சுவர்த் துளையில் செருகும் பிளாஸ்டிக் குழல்), லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது), கனெக்டர், கிளிப் எதையும் பைக்குள் உதிரியாகப் போடாதீர்கள். மேல்மூடி கண்ணாடி போலத் தெரியும் சின்ன அறைப் பெட்டி இரண்டு போதும்.

பெட்டியை வகைப்படி அடுக்காமல் வேலைப்படி அடுக்குங்கள். சுவரில் மாட்டுவதற்கான பெட்டி என்றால் அதில் 6 மி.மீ. ராவல் பிளக், அதற்கான ஸ்குரூ, 6 மி.மீ. கான்கிரீட் பிட், மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். பிட் ஓர் இடத்திலும் பிளக் ஓர் இடத்திலும் இருந்தால், கைக்கு வந்த 7 மி.மீ. பிட்டால் துளை போட்டுவிட்டு, பிளக் சுற்றுகிறதே என்று தீக்குச்சியைச் செருகத்தான் தோன்றும். முனை இணைக்கும் பெட்டியில் ஃபெருல் (வயர் முனையில் மாட்டும் சின்னக் குழாய்), லக், அவற்றை வயரோடு நசுக்கிப் பிடிக்கும் கிரிம்பிங் டூல். ஃபெருல் நிறத்தை வைத்து அளவு முடிவு செய்யாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட நிற முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன, ஒரே நிறம் இரண்டு அளவுக்கு வரும். 1.5, 2.5, 4, 6 சதுர மி.மீ. என்று அறை மூடியில் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

பி.வி.சி. பைப் ஒட்டும் பசை டப்பா பைக்குள் வரவே கூடாது. மூடி சரியாக இறுகாமல் ஒரே ஒரு முறை கசிந்தால் மீட்டரின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி இளகி மங்கிவிடும். இன்சுலேஷன் டேப்பை ஜிப் கவரில் போடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதன் ஓரத்தில் பசை வழிந்து, ஊரில் உள்ள தூசி முழுவதும் அதில் ஒட்டும். அப்படி ஆன டேப் சுற்றினாலும் நிற்காது.

கார்ட்லெஸ் மெஷினின் மாற்று பேட்டரியை அதன் பிளாஸ்டிக் மூடியோடு மட்டுமே வையுங்கள். மூடி தொலைந்துவிட்டால் டெர்மினல் மேல் அட்டையை வைத்து டேப் ஒட்டுங்கள். உதிரி ஸ்குரூ ஒன்று இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே விழுந்தால் போதும், பை தீப்பிடிக்கலாம். இதை மிகையாகச் சொல்லவில்லை, லித்தியம் பேட்டரியின் ஷார்ட் சர்க்யூட் அவ்வளவு மின்னோட்டத்தைக் கொட்டும்.

தொழிற்சாலைப் பராமரிப்பில் இருப்பவர்:

எண்ணிக்கை. பேனல் கதவைத் திறக்கும் முன் எண்ணுங்கள், மூடும் முன் எண்ணுங்கள். பஸ்பார் மேல் மறந்து வைத்த ஸ்பேனர், மெயினை ஏற்றும் அந்த நொடியில் வெடிக்கும். இதற்கு நினைவாற்றலை நம்பக் கூடாது, பையே சொல்ல வேண்டும். ஒவ்வொரு செருகு பட்டைக்கும் ஒரு நம்பர், டூலின் பிடியிலும் அதே நம்பர். 14 பட்டை, 14 டூல். ஒரு பட்டை காலியாக இருந்தால் கதவை மூடக் கூடாது. ஒரு பட்டையில் இரண்டைச் செருகும் பழக்கம் வந்துவிட்டால் இந்த முறை முழுவதும் கெட்டது.

காந்தம் வைத்த தட்டும் காந்த மணிக்கட்டுப் பட்டையும் ஸ்குரூ பிடிக்க வசதிதான். ஆனால் பெட்டியில் துளை போட்ட இரும்புத் தூள் எல்லாம் அதில் ஒட்டி, அடுத்த பேனலுக்கு மேல் குனியும்போது உதிரும். துளை போடும் நாளில் அதை வெளியே எடுக்காதீர்கள்.

வாரம் ஒரு முறை பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். அடியிலிருந்து விழும் மெல்லிய செம்பு இழைகளைப் பாருங்கள். வயர் உரிக்கும்போது விழுந்தவை அவை. மீட்டரின் பிளக் துளைக்குள் போகும், டூலோடு ஒட்டிக்கொண்டு காண்டாக்டருக்குள் (மின்சாரத்தில் இயங்கும் பெரிய சுவிட்ச்) விழும். தட்டிய பிறகு வேக்யூம் கிளீனரால் மூலைகளை இழுங்கள். பிளேயர் கீலில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, பிடியில் வழியாமல் துடையுங்கள். காற்றில் ஈரம் அதிகம் உள்ள நாட்களில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம், அது ஈரம் குடித்து முடித்ததும் மாற்ற வேண்டும். மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இந்தப் பைக்குள் வேண்டாம், அதற்கென்று வந்த கெட்டிப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பலமாடிக் கட்டட வேலை பார்ப்பவர்:

முதுகுப் பையா, தோள் பையா என்று கேட்கும் தம்பிகளுக்கு மட்டும் ஒரு சொல். நிறையப் படி ஏற வேண்டிய வேலை என்றால் முதுகுப் பை, ஆனால் கீழே வைத்ததும் தானாக நிற்கும் கெட்டி அடி உள்ளதாகப் பாருங்கள். சாய்ந்து விழும் முதுகுப் பையில் எதை எடுக்கவும் இரண்டு கை வேண்டும். கனமானவை முதுகை ஒட்டி, லேசானவை வெளிப்பக்கம். மாற்றிக் கட்டினால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிந்தே நடப்பீர்கள். டிரில்லிங் மெஷினையும் சுத்தியலையும் இன்னொரு சின்னப் பையில் போட்டு மறு கையில் எடுத்துக்கொண்டால், தேவையில்லாத நாளில் அதை வண்டியிலேயே விட்டுவிடலாம்.