கம்பியை உயர்த்திய ராத்திரி பினாங்கு கேட்டது

கானாடுகாத்தான்:
ஹாம் ரேடியோவுக்கு 40 மீட்டர் அலைவரிசை டைபோல்தான், நடுவில் கேபிள் இணைத்த நேர்க்கம்பி ஆன்டெனா. பின்கட்டில் 6 மீட்டர் உயரத்தில் கட்டியிருந்தேன். மதுரை, திருச்சி, சென்னை கணீரென்று வரும். கடல் தாண்டி ஒன்றும் வராது. ரேடியோவைக் குறை சொல்லிக்கொண்டே வருடங்கள் போயின. போன மாசியில் மரம் ஏறுகிறவரைப் பிடித்து, இரண்டு தென்னைக்கு நடுவே 18 மீட்டருக்கு ஏற்றினேன். அன்று ராத்திரி ஏழரை மணிக்கு யாரோ என் கால்சைனை, அதாவது என் ரேடியோ நிலையத்தின் அடையாளப் பெயரை, திருப்பிச் சொன்னார். பினாங்கு! ஐயா கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போன ஊர். வளவில் இருந்த அப்பத்தா "பினாங்கா?" என்று எழுந்து வருவதற்குள் சிக்னல் அமிழ்ந்துவிட்டது. அந்தக் குரலை அப்புறம் பிடிக்கவே முடியவில்லை.

காரைக்குடி:
வாழ்த்துகள். ஆனால் தாழ்ந்த கம்பியைக் குறையாகச் சொல்லாதீர்கள். உங்கள் 40 மீட்டர் அலைவரிசை, அதாவது 7 மெகாஹெர்ட்ஸில், அரை அலைநீளம் சுமார் 21 மீட்டர். கம்பி அந்த உயரத்தில் இருந்தால்தான் அலை கிளம்பும் கோணம் தரையிலிருந்து 30 பாகைக்கு இறங்கி, தூரம் போகும். 6 மீட்டரில் பெரும்பகுதி நேர் மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு நம் தலையைச் சுற்றியே விழும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் கரண்டும் இல்லை, போனும் இல்லை. கார் பேட்டரியும் 4 மீட்டர் உயரக் கம்பியும்தான் இருந்தன. பட்டுக்கோட்டை நண்பர், "வீடு போச்சு, ஆள் இருக்கோம்" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் 18 மீட்டரில் அது இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

பள்ளத்தூர்:
இரண்டும் சரி. உயரம் மாறும்போது கோணம் மாறுகிறது, அவ்வளவுதான். 14 மெகாஹெர்ட்ஸுக்குப் பத்தரை மீட்டரிலேயே அந்த 30 பாகை கிடைக்கும். தென்னை உச்சியே வேண்டாம். எனக்கு ஆடிக் காற்றில் மரம் ஆடிக் கம்பி அறுந்தது. அதனால் சொல்கிறேன்: ஒரு முனையை இறுக்கிக் கட்டாதீர்கள். கப்பி போட்டுக் கயிற்றின் நுனியில் கல்லைத் தொங்கவிடுங்கள், மரம் ஆடினால் கல் ஏறி இறங்கும். இடி இடிக்கும் முன்பே கோஆக்ஸை, அதாவது ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கேபிளை, கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் அந்த மரமே வேண்டாம். அறுந்தால் எங்கே விழும் என்று முதலில் பாருங்கள். பழைய 6 மீட்டர் கம்பியையும் அவிழ்க்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவிட்ச் போதும்.

கானாடுகாத்தான்:
பழையது அப்படியேதான் இருக்கிறது. சுவிட்ச் போடுகிறேன். ஏழரை ஆனால் அப்பத்தா ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.