'தி ரெவனன்ட்': உடலின் வலியைக் காட்டிய அளவுக்கு மனத்தைக் காட்டியதா?

கேள்வி

அலெஹாண்ட்ரோ இன்யாரிட்டு இயக்கி 2015-இல் வெளிவந்த 'தி ரெவனன்ட்' படத்தைச் சென்ற வாரம்தான் முதன்முறையாகப் பார்த்தேன். முடிவைப் பற்றியும் இங்கே பேச வேண்டியிருப்பதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்காமல் இருப்பது நல்லது.

1823-இல் மிசூரி ஆற்றின் மேற்பகுதிகளில் விலங்குத் தோலுக்காக வேட்டையாடும் குழுவுக்கு வழிகாட்டியாகச் செல்லும் ஹியூ கிளாஸைக் கரடி குதறிவிடுகிறது. அவனைக் கவனித்துக்கொள்ள விடப்பட்டவர்களில் ஒருவனான ஃபிட்ஸ்ஜெரால்ட், கிளாஸின் மகனைக் கொன்றுவிட்டு, கிளாஸையும் அரைகுறையாகப் புதைத்துவிட்டுப் போகிறான். முதல் ஒரு மணி நேரம் என்னை இருக்கையில் கட்டிப்போட்டது. அதன் பிறகு தவழ்வது, விழுவது, குளிரில் நடுங்குவது, மீண்டும் எழுவது என்று ஒரே செயல் திரும்பத் திரும்ப வந்தபோது, அவனுடைய வலி எனக்குள் இறங்குவது நின்றுவிட்டதை உணர்ந்தேன். 156 நிமிடம் இந்தக் கதைக்குத் தேவைதானா? அந்தப் பழிவாங்கும் கதை இல்லாமலே இப்படம் நின்றிருக்குமா? படத்தை நேசிப்பவர்களும் குறை காண்பவர்களும் காரணத்தோடு எழுதினால் மகிழ்வேன்.

பதில் 1

நான் இப்படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன்; ஒவ்வொரு முறையும் ஒளிப்பதிவுக்காகவே திரும்பிப் போனேன். இம்மானுவேல் லுபெஸ்கி ஏறக்குறைய முழுப் படத்தையும் இயற்கை ஒளியிலேயே எடுத்தார். அதனால் ஒரு நாளில் படம்பிடிக்கக் கிடைத்தது மிகச் சில மணி நேரம்தான். கதை நிகழும் வரிசையிலேயே படப்பிடிப்பும் நடந்ததால், கனடாவில் பனி கரைந்தபோது குழு முழுவதும் அர்ஜென்டினாவின் தென்கோடிக்குப் பனியைத் தேடிப் போக வேண்டியிருந்தது. உழைப்பு கடுமையாக இருந்தது என்பதற்காக மட்டும் ஒரு படத்தைப் பாராட்டக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே அந்த உழைப்பின் பலன் திரையிலேயே தெரிகிறது: மரங்களுக்கு இடையே விழும் அந்த நீலம் கலந்த சாம்பல் வெளிச்சத்தை விளக்குகளை வைத்து உண்டாக்கியிருக்க முடியாது என்றே நம்புகிறேன்.

கரடித் தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரடி முழுக்கக் கணினி வரைகலையால் ஆனது என்று தெரிந்த பிறகும் அக்காட்சியின் அச்சம் எனக்குக் குறையவில்லை. அது ஒரே பாய்ச்சலில் முடிந்துவிடுவதில்லை. கரடி விலகிப் போகிறது, குட்டிகளைப் பார்க்கிறது, அவன் அசைந்ததும் திரும்பி வருகிறது, முகர்ந்து பார்க்கிறது, காலால் மிதித்து அழுத்துகிறது. வெட்டு இல்லாமல் நீளும் அந்தக் காட்சித்துண்டில் நமக்குத் தப்பிக்க இடமே கிடைப்பதில்லை. கரடியை வில்லனாகவும் படம் ஆக்கவில்லை. அது குட்டிகளைக் காக்கும் தாய், அவ்வளவுதான். அகன்ற கோண லென்ஸ் முகத்துக்கு மிக அருகே செல்வதால், நடிகரின் மூச்சுக்காற்றே கண்ணாடியில் படிந்து காட்சி மங்கும் இடங்களும் உண்டு. வேறு இயக்குநராக இருந்தால் அவற்றைப் பிழை என்று வெட்டியிருப்பார்.

நீளத்தைப் பொறுத்தவரை, உங்களுக்கு ஏற்பட்ட சலிப்பை நான் மறுக்கவில்லை. என்றாலும், பல நாள் தவழ்ந்தவனின் கதையை விறுவிறுப்பாகச் சொல்லியிருந்தால் அந்தத் தொலைவு நமக்கு எப்படித்தான் தெரியும்?

பதில் 2

ஒளிப்பதிவைப் பற்றி மேலே எழுதிய நண்பரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. என் வருத்தம் திரைக்கதையைப் பற்றியது. கேட்டவர் எழுப்பிய இரண்டாவது கேள்விதான் உண்மையில் பெரியது என்று நினைக்கிறேன்.

ஹியூ கிளாஸ் உண்மையில் வாழ்ந்த மனிதர். 1823 ஆகஸ்டில், இன்றைய தெற்கு டகோட்டாவில் உள்ள கிராண்ட் ஆற்றின் அருகே கரடியால் தாக்கப்பட்டார். உடனிருந்த இருவர் அவருடைய துப்பாக்கி உள்ளிட்ட பொருள்களை எடுத்துக்கொண்டு கைவிட்டுச் சென்றனர். அவர் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து கியோவா கோட்டையை அடைந்தார் என்று வரலாறு சொல்கிறது. அது கோடைக்காலம், பனி மூடிய மலைகள் இல்லை, புல்வெளிதான். அவருக்கு ஒரு மகன் இருந்ததற்கும், அந்த மகன் கொல்லப்பட்டதற்கும் சான்று கிடையாது. பருவத்தை மாற்றியதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், திரைக்கு அந்த உரிமை உண்டு. மகனைச் சேர்த்ததுதான் கதையின் முதுகெலும்பையே மாற்றிவிட்டது.

ஏனென்றால் உண்மைக் கதையின் வியப்பு அதன் முடிவில் இருக்கிறது. கைவிட்டுப் போன இருவரில் இளையவனைக் கண்டுபிடித்த கிளாஸ், அவனுடைய வயதைக் கருதி மன்னித்துவிட்டார். மற்றவனான ஃபிட்ஸ்ஜெரால்ட் ராணுவத்தில் சேர்ந்திருந்ததால் அவனையும் கொல்லாமல், தம் துப்பாக்கியை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டார். மரணத்தின் வாயிலிருந்து பழிவாங்கவே தவழ்ந்து வந்த ஒருவன், எதிரியை நேரில் பார்த்த கணத்தில் கையை இறக்குகிறான் என்றால் அந்த நெஞ்சுக்குள் என்ன நடந்திருக்கும்? ஒரு பெரிய கலைஞன் தோண்டிப் பார்க்க வேண்டிய இடம் அதுவே. படமோ மகனின் கொலையை வைத்து, பார்வையாளர் அனைவரும் உடனே ஏற்றுக்கொள்ளும் எளிய காரணம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டது. கடைசியில் பனியில் கத்தியும் கோடரியுமாக நடக்கும் சண்டை எத்தனையோ படங்களில் பார்த்த சண்டைதான். எதிரியை ஆற்றில் தள்ளி, அரிக்காரா பழங்குடி மக்களின் கையில் முடிவை விடுவதை மன்னிப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. கொலையை வேறொருவரிடம் ஒப்படைக்கும் செயலாகவே அது எனக்குப் படுகிறது.

டாம் ஹார்டியின் ஃபிட்ஸ்ஜெரால்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பொருமுறை உயிரோடு தலைத்தோல் உரிக்கப்பட்டவன், பணத்துக்கும் அச்சத்துக்கும் இடையே அலைகிறவன் என்று அவனுக்கு ஒரு முழு மனம் இருக்கிறது. கிளாஸுக்கோ உடல் இருக்கிறது, நினைவுக் காட்சிகளில் மிதக்கும் மனைவி இருக்கிறார். மனம் நமக்குத் தெரிவதே இல்லை. கிளாஸாக நடித்த லியோனார்டோ டிகாப்ரியோ இப்படத்துக்காகத் தம் முதல் ஆஸ்கரைப் பெற்றார். அவருடைய கண்களும் மூச்சும் செய்த வேலைக்கு அது தகும். எழுத்துதான் அவருக்குத் துணை நிற்கவில்லை.

பதில் 3

நம்பகத்தன்மையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. தண்ணீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். உறைநிலையை ஒட்டிய ஆற்றில் விழுந்தவருக்குச் சில நிமிடங்களிலேயே கை விரல்கள் கட்டுப்பாட்டை இழந்துவிடும். கரையேறினாலும் ஈர உடையைக் களைந்து தீ மூட்டாவிட்டால் உயிர் தங்காது. இப்படத்தில் கிளாஸ் கனத்த தோலாடையோடு ஆற்றில் அடித்துச் செல்லப்படுகிறான், மீண்டும் எழுந்து நடக்கிறான். மற்ற எல்லாவற்றையும் அவ்வளவு கறாராகக் காட்டும் படம் இந்த ஒன்றில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டதால் எனக்குள் அதன் பிடி தளர்ந்தது. அதே நேரத்தில், இறந்த குதிரையின் வயிற்றைக் கிழித்து உள்ளே படுத்து இரவைக் கழிக்கும் காட்சியை நான் நம்பினேன். அங்கே குளிர் உண்மையான எதிரியாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. உண்மையான கிளாஸ் மன்னித்தார் என்பது எனக்குத் தெரியாது. அதைப் படித்த பிறகு நேற்றிரவு படத்தின் ஒரு பகுதியை மட்டும் மீண்டும் பார்த்தேன். தனியே பயணம் செய்யும் பாவ்னி பழங்குடி மனிதர் ஒருவர் கிளாஸுக்கு உணவு தந்து, காயத்துக்கு மருந்திட்டு, பழிவாங்குதல் படைத்தவன் கையில் இருக்கிறது என்று சொல்கிறார் அல்லவா, அந்தப் பகுதி. இருவரும் அருகருகே உட்கார்ந்து, விழும் பனித்துகளை நாக்கை நீட்டிப் பிடிக்கிறார்கள். படம் முழுவதிலும் கிளாஸின் மனம் எனக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். நண்பர் தேடிய அந்த மன்னிப்பின் விதையை இயக்குநர் அங்கே விதைத்திருக்கிறார் என்றே தோன்றுகிறது. ஆனால் அடுத்த சில நிமிடங்களில் அந்த மனிதர் மரத்தில் தொங்கவிடப்படுகிறார், படம் மறுபடி தவழத் தொடங்கிவிடுகிறது. நடுவில் வரும் பனியையும் ஆற்றையும் கொஞ்சம் குறைத்து, அந்த இருவரையும் இன்னும் பத்து நிமிடம் சேர்ந்து நடக்க விட்டிருந்தால், 156 நிமிடத்தைப் பற்றி நான் இங்கே கேட்டிருக்கவே மாட்டேன்.