'கனெக்ட் ஆன் டிமாண்ட்': 'கேட்புவழி இணைப்பு' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டு நுழைவாயிலின் (வீட்டுக் கணினிகளை இணையத்துடன் இணைக்கும் கருவியின்) அமைப்புத் திரையைத் தமிழாக்கும் பணி 'கனெக்ட் ஆன் டிமாண்ட்' என்னும் தெரிவில் வந்து நிற்கிறது. இணையப் போக்குவரத்து எழும்போது மட்டும் இணைப்பை ஏற்படுத்தும் வசதி இது. 'தேவைக்கேற்ற இணைப்பு', 'வேண்டுகோள் இணைப்பு' என இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டையும் ஏற்க நான் தயங்குவதற்குக் காரணம், இந்த வசதி உள்ளே இயங்கும் விதம்.

என் வீட்டில் இரண்டு நெட்வொர்க் அட்டைகள் பொருத்திய பழைய லினக்ஸ் கணினியே நுழைவாயில். மோடம் பிரிட்ஜ் முறையில் இருக்கிறது; அதாவது, தானே இணைப்பை ஏற்படுத்தாமல் தரவைக் கடத்த மட்டும் செய்கிறது. பிபிபிஓஇ (PPPoE) என்னும் இணைப்பு நெறிமுறை வழியாக அகலப்பட்டை இணைப்பை ஏற்படுத்துவது அக்கணினியில் ஓடும் பிபிபிடி (pppd) நிரல். அதன் அமைவுக் கோப்பில் 'டிமாண்ட்' என்று ஒரு வரியும் 'ஐடில் 600' என்று ஒரு வரியும் எழுதிவிட்டால், நிரல் தொடங்கியவுடன் சேவை வழங்குநரைத் தொடர்புகொள்வதில்லை. தரவு வெளியேறும் வாயிலான இடைமுகத்தை மட்டும் உருவாக்கி, எதிர்முனைக்கு 10.112.112.112 போன்ற தற்காலிக முகவரி ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. வெளியே போகவேண்டிய முதல் பொதி (பாக்கெட், அதாவது தரவின் சிறு துண்டு) அந்த இடைமுகத்துக்கு வந்த பிறகே உண்மையான இணைப்பு உருவாகிறது. பிறகு 600 நொடிகள் போக்குவரத்து இல்லாவிட்டால் துண்டிக்கப்படுகிறது.

ஆகவே இங்கே கேட்பது மனிதர் அல்லர், பொதி. வீட்டில் எல்லாரும் உறங்கிய பின்னும் இணைப்பு பலமுறை ஏற்பட்டுத் துண்டிக்கப்பட்டிருப்பதைப் பதிவுக் கோப்பில் ஒருநாள் கண்டேன். அணைக்காமல் விட்ட ஒரு கணினி, தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள அனுப்பிய என்டிபி (NTP, இணையவழி நேரம் அறியும் நெறிமுறை) வினவல்களே காரணம். அந்த வினவல்கள் செல்லும் யூடிபி 123ஆம் போர்ட்டைக் கணக்கில் கொள்ளாதபடி வடிகட்டி விதி எழுதிய பிறகுதான் அது நின்றது. அந்த நள்ளிரவில் யாருக்கும் தேவையும் இல்லை, யாரும் வேண்டவும் இல்லை. கேட்பு மட்டும் இருந்தது. மேலும், 'தேவைக்கேற்ற இணைப்பு' என்று படிப்பவர், தமக்கு வேண்டிய வேகத்தையோ கட்டணத் திட்டத்தையோ தேர்ந்தெடுக்கும் இடம் என்றே எண்ணக்கூடும்.

'கேட்பு' புதிய சொல்லும் அன்று. தமிழக வங்கிகளில் டிமாண்ட் டிராஃப்டைக் 'கேட்பு வரைவோலை' என்கிறோம். பொருளியலில் தமிழகம் 'தேவை' என்பதை இலங்கை 'கேள்வி' என்கிறது. அதுவும் 'கேள்' என்னும் வினையடியில் பிறந்ததே. இரு நாட்டினருக்கும் பொருந்தும் வேர் இது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

சுருக்கமாகக் 'கேட்பிணைப்பு' என்று சேர்த்தெழுதலாமே என்று தோன்றலாம். புணர்ச்சி பிழையில்லை, ஆனால் திரையில் விரைந்து படிக்கும் கண் அதைக் 'கேட்' என்றும் 'பிணைப்பு' என்றும் பிரித்துவிடும். 'பிணைப்பு' கணினித் துறையில் வேறு பொருளில் வழங்குவதால் குழப்பம் மிகும். எனவே 'வழி' என்பதை இடையில் இட்டுக் 'கேட்புவழி இணைப்பு' என எழுதுவதே தெளிவு. பழைய தொலைபேசிவழி இணைப்பை நினைத்து, டயல் என்பதற்கு நிகரான சொல்லைச் சேர்க்க வேண்டியதில்லை. பிபிபிஓஇ இணைப்பில் எந்தத் தொலைபேசி எண்ணும் சுழற்றப்படுவதில்லை.

போக்குவரத்து இல்லாமல் இணைப்பு நீடிக்கக்கூடிய நேரத்தைக் குறிக்கும் ஐடில் டைம் என்பதற்கு 'ஓய்வு வரம்பு' போதும் என்பது என் கருத்து. திரையில் மூன்று தெரிவுகளும் 'நிலையான இணைப்பு', 'கேட்புவழி இணைப்பு', 'கைமுறை இணைப்பு' என்று அமையும். மறுப்பு இருப்பவர்கள், குறிப்பாக இலங்கை நண்பர்கள், தெரிவித்தால் திருத்திக்கொள்வேன்.