பெயர் மாற்றி விற்கிற யூவி பிளாட்பெட்: அட்வான்ஸ் கொடுக்க முன்னே எதைப் பார்ப்பது?

ஹட்டன்_சைன்போர்ட்:
வணக்கம். அக்ரிலிக், எம்டிஎஃப் (மரத்தூள் பலகை), ஏசிபி (அலுமினியம் ஒட்டின ஷீட்) மேல நேரடியா அடிக்க ஒரு யூவி பிளாட்பெட் (பலகையை மேசையில படுக்க வச்சு அடிச்சு, யூவி வெளிச்சத்தில மையைக் காய வைக்கிற பிரிண்டர்) பார்க்கிறோம், 6090 (60×90 செ.மீ. மேசை) இல்லாட்டி 2513 (2.5×1.3 மீட்டர்). கொழும்பில மூணு ஏஜெண்டுகிட்ட கொட்டேஷன் எடுத்தா மெஷினுக்கு மூணு பிராண்ட் பேர். படத்தில பார்த்தா ஒரே மெஷின், கவர் நிறம் மட்டும்தான் வேற. விலையில பல இலட்சம் வித்தியாசம். யார் செஞ்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்க ஹட்டன் மலையில இருக்கிற குளிருக்குத் தனியா ஏதும் கவனிக்கணுமா? கடையில சிங்கிள் பேஸ் கரண்ட்தான்.

மை_பட்ட_கை:
பேர் மாத்தி விக்கிறதே மோசடின்னு நினைக்காதீங்க. பியூஜிஃபிலிம் அக்யூட்டின்னு பல வருஷம் வித்த பிளாட்பெட்டுகள் ஓசேங்கிற வேற கம்பெனியோட அரிசோனா மெஷின்தான். அங்க பின்னால சர்வீஸ் நின்னுச்சு. இங்க ஸ்டிக்கர் ஒட்டினவர் அடுத்த வருஷம் ஹெட் (மை தெளிக்கிற பாகம்) கொண்டாந்து தருவாரா, அதுதான் கேள்வி.

கவர் படத்தை விடுங்க. பின்பக்கத் தகட்டையும், கேரேஜ் (ஹெட்டைச் சுமந்து ஓடுற பெட்டி) மூடியைக் கழட்டி உள்ள இருக்கிற போர்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. போர்டிலயே ஹோசன், பிஒய்எச்எக்ஸ்னு போர்டு செஞ்ச கம்பெனி பேர் அச்சடிச்சிருக்கும். போர்டும் ஹெட்டும் தெரிஞ்சா மெஷின் பாதி தெரிஞ்ச மாதிரி.

விலை வித்தியாசத்துக்கு முதல் காரணம் ஹெட்தான். எக்ஸ்பி600 டெஸ்க்டாப் பிரிண்டருக்கு, தண்ணி மைக்குன்னு செஞ்ச ஹெட். யூவி மையில சீக்கிரம் போயிரும். ஐ3200-யூ1 யூவி மைக்கே வந்தது. ரிக்கோ ஜென்5 விலை கூட, ஆனா ஹெட்டுக்குள்ளேயே ஹீட்டர் இருக்கு, உங்க ஊருக்கு அது பெரிய விஷயம். வெறும் "ரிக்கோ ஹெட்"னு எழுதிக் கொடுத்தா ஏத்துக்காதீங்க. மாடல், எண்ணிக்கை, ஒவ்வொரு ஹெட்டோட சீரியல் நம்பர், எல்லாம் இன்வொய்ஸில வரணும்.

பனிமூட்டம்:
குளிரைப் பத்திச் சொல்றேன். யூவி மை குளிர்ல தடிச்சுப் போகும். ஜென்5 மாதிரி ஹெட்டுக்கு மையை 40–45 பாகைக்குச் சூடாக்கித்தான் அடிக்கிறது. காலையில சுவிட்ச் போட்ட உடனே அடிச்சா சில நொசில் (ஹெட்டில மை வர்ற சின்ன ஓட்டை) அடிக்காம விடும். அதை அடைப்புன்னு நினைச்சு திரும்பத் திரும்ப கிளீனிங் போட்டு மையைக் கொட்டாதீங்க. சப்டேங்கும் (ஹெட்டுக்கு மை கொடுக்கிற சின்னத் தொட்டி) ஹெட்டும் சூடேறின பிறகு நொசில் செக் எடுங்க. வெள்ளை மையில டைட்டேனியம் டைஆக்சைட் தூள் அடியில தங்கும், அதனால சர்குலேஷன் (மையைச் சுத்தி ஓட வைக்கிறது) இல்லாத மெஷின் வேணாம்.

குளிரை விட மோசம் கரண்ட் கட். ஹெட்டில மை சொட்டாம மேல இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கிறது நெகட்டிவ் பிரஷர் பம்ப். மழைக்காலத்தில லைன் போனா பம்ப் நிக்கும், மை ஹெட் வழியா சொட்டும், கறுப்பு வெள்ளைக்குள்ள ஏறிரும். கன்ட்ரோல் போர்டுக்கும் அந்தப் பம்புக்கும் மட்டும் யூபிஎஸ் போடுங்க, மையைக் காய வைக்கிற லாம்புக்கோ, பலகையை மேசையோட உறிஞ்சிப் பிடிக்கிற வாக்கும் (vacuum) மோட்டாருக்கோ தேவையில்லை. பம்போட அந்த இழுப்பு ரொம்பக் குறைஞ்சா சொட்டும், ரொம்பக் கூடினா காத்தை உள்ள இழுத்து நொசில் விடும். கொழும்பில செட் பண்ணினதை அப்படியே நம்பாம, மெஷினை இங்க இறக்கின பிறகு ஒருக்கா பார்த்துச் சரி பண்ணுங்க.

உயரத்தில காத்தழுத்தமே குறைவு. நுவரெலியாவில கடல் மட்டத்தை விட அஞ்சில ஒரு பங்கு கிட்டக் குறையும், அதே அளவுக்கு வாக்கும் பிடியும் குறையும். வளைஞ்ச எம்டிஎஃப் பலகை படுக்காம எழும்பி நிக்கும், கேரேஜ் வரும்போது ஹெட் அதில அடிபடும். ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்க. 8×4 ஏசிபி ஷீட் முழுசா அடிக்கணும்னா 2513தான், ஆனா அதோட வாக்கும் மோட்டார் த்ரீ பேஸா வருதான்னு முதல்ல கேளுங்க.

ஹட்டன்_சைன்போர்ட்:
நன்றி அண்ணே. ஒரு ஏஜெண்ட் "எங்க மை மட்டும்தான் போடணும், இல்லாட்டி வாரண்டி இல்லை"ங்கிறார்.

மை_பட்ட_கை:
வாரண்டிக் காலத்துக்கு அது நியாயம்தான், வேவ்ஃபார்ம் (ஹெட்டை இயக்கிற கரண்ட் அலை) அவர் மைக்குச் செட் ஆகியிருக்கும். ஆனா குறிச்ச நாள் முடிஞ்சா மெஷின் நிக்கிற மாதிரி போர்டுக்குப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருக்கான்னு கேளுங்க. கடைசித் தவணை கட்டின அன்னைக்கு நிரந்தரத் திறப்பு தரணும்னு ஒப்பந்தத்தில எழுதி வாங்குங்க.

பிறகு மை மாத்தினா, பழசும் புதுசும் பாதிக்குப் பாதி கண்ணாடிக் குப்பியில கலந்து, வெளிச்சம் படாம ஒரு நாள் வையுங்க. கட்டி தட்டினாலோ அடியில படிஞ்சாலோ, முழு லைனையும் ஃபிளஷ் பண்ணாம ஊத்தக் கூடாது. மை தொடும்போது நைட்ரைல் கையுறை போடுங்க, காயாத யூவி மை தோலுக்கு ஒவ்வாமை கொண்டுவரும். மிரர் அக்ரிலிக் அடிச்சா வெளிச்சம் திரும்பி ஹெட்டிலேயே மையைக் காய வைக்கும், அதுக்கு லாம்பைக் குறைச்சு அடிங்க.