மான் வேட்டைக்கு முதல் ரைஃபிள்: எதை வாங்கினீர்கள், என்ன ஆனது?

பனிக்காடு, வடக்கு பென்சில்வேனியா

நான்கு வருடம் ஆகிறது, அந்தப் பெண் மான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

"எல்லாவற்றுக்கும் ஒரே ரைஃபிள், விலையும் அதிகம் போகக்கூடாது" என்றுதான் கேட்டேன். கடையில் இருந்தவர் தள்ளுபடியில் கிடந்த .300 வின் மேக்னத்தை, அதாவது அதிக சக்தித் தோட்டா போடுகிற ரைஃபிளை எடுத்து நீட்டினார். இன்றைக்கு மான், நாளைக்குக் கொலராடோவில் எல்க் என்கிற பெரிய மான், இரண்டுக்கும் இதுவே போதும் என்றார். எல்க் வேட்டைக்கு நான் இன்றுவரை போகவில்லை. எங்கள் பாட்டர் கவுண்டி மலைக்காட்டில் நூறு யார்டுக்கு மேல் சுட இடம் கிடைப்பதே அபூர்வம். மான் வேட்டைக்குப் பலரும் வைத்திருக்கும் .308-ஐவிட, சுடும்போது தோளில் ஒன்றரை மடங்கு உதைக்கிற துப்பாக்கி அது. பயிற்சிக்குப் போன அன்று மூன்றாவது தோட்டாவிலேயே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வந்து புருவத்தில் அரைவட்டமாக வெட்டியது. இருபது தோட்டாப் பெட்டியில் பதினொன்றோடு நிறுத்திவிட்டேன்.

சீசனின் முதல் சனிக்கிழமை. எழுபது யார்டில், ஓடைக்கரையில் பக்கவாட்டாக நின்றது. விசையை இழுக்கும்போது கண்ணை மூடிவிட்டேன். திறந்து பார்த்தால் முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் வெள்ளை மயிர், இலைமேல் பச்சை கலந்த ஈரம். குடலில் பட்டிருக்கிறது. உடனே பின்னால் போனேன். புதருக்குள் படுத்திருந்தது என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடியது. இருட்டிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. மறுநாள் மதியம்வரை தேடினேன். கிடைக்கவில்லை.

முள்காடு, தெற்கு டெக்சாஸ்

நண்பரே, வருத்தம் புரிகிறது. ஆனால் காலிபர்மேல், அதாவது தோட்டா அளவின்மேல் பழி போடாதீர்கள். மேக்னமோ .308-ஓ, குடலில் பட்டால் இரண்டும் ஒன்றுதான். பச்சை ஈரத்தைப் பார்த்த பிறகு ஆறு மணி நேரமாவது அதை நிம்மதியாக விட்டிருக்க வேண்டும். அது எழுந்து ஓடியது நீங்கள் பின்னால் போனதால்.

என் அனுபவம்: பழைய சாவேஜ் 110 ரைஃபிள், .270 காலிபர், இரண்டாம் கைச் சரக்கு. அறுபது யார்டில் நல்ல கொம்பு மான். இரண்டு தடவை சுட்டேன், இரண்டும் முதுகுக்கு மேலே போய்விட்டன. அது ஓடவும் இல்லை, தலையைத் தூக்கி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையத்தின் திருகு தளர்ந்திருந்தது.

அதனால் புதிதாக வாங்குபவர்களுக்குச் சொல்கிறேன். சாவேஜ் ஆக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன், மாஸ்பெர்க் பேட்ரியட், மூன்றுமே மலிவு. மூன்றுமே மானுக்குத் தேவையான அளவுக்கு நேராகச் சுடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். நூறு யார்டில் அதற்குள் போட ஆயிரம் டாலர் துப்பாக்கி வேண்டாம். மிச்சப்படும் பணத்தை ஸ்கோப்பிலும் தோட்டாவிலும் போடுங்கள். மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 3-9 ஸ்கோப் தாராளமாகப் போதும். வளையத் திருகை ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும் சோதியுங்கள். .270-ல் 130 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டா போட்டால், நூறு யார்டில் ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே அடிக்கும்படி ஸ்கோப்பை வையுங்கள். இருநூறு யார்டில் சரியாக இருக்கும். காலிபர் எது என்று குழம்பினால் உங்கள் ஊர்க் கடையில் எந்தத் தோட்டா எப்போதும் கிடைக்கிறது என்று பாருங்கள். .308, .30-06, .270 எங்கேயும் கிடைக்கும்; 1925-ல் வந்த .270 இன்றும் அலமாரியில் இருக்கிறது. அப்புறம் முக்கியமான ஒன்று. நண்பரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, சில தடவை தோட்டா போட்டும் சில தடவை காலியாகவும் திருப்பித் தரச் சொல்லுங்கள். தோட்டா போட்டாரா, காலியாகக் கொடுத்தாரா என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. காலியாக இருக்கும்போது குழல் ஆடினால், நீங்கள் உதைக்குப் பயப்படுகிறீர்கள் என்று அர்த்தம்.

மிசோரி அம்மா

முள்காடு அண்ணா, மழை வரப்போகிற சாயங்காலத்தில் ஆறு மணி நேரம் காத்திருந்தால் ரத்தத் தடம் எங்கே இருக்கும்? அவர் பின்னால் போனதைத் தவறு என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. காலிபர் காரணம் இல்லை என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கண்ணை மூடவைத்ததே அந்த உதைதானே.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது, இடது கைக்காரி. தோட்டாவை ஏற்றும் போல்ட் கைப்பிடி இடது பக்கம் இருக்கிற ஆக்ஸிஸ், உதை குறைவான .243 வாங்கினோம். ".243 மானுக்குப் போதாது" என்று சொல்லாத ஆள் இல்லை. கோடையில் அவள் ஐந்து பெட்டி சுட்டுத் தீர்த்தாள், ஒரு தடவைகூடத் தோள் வலிக்கிறது என்று சொல்லவில்லை. சிறுவர் சீசனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தொண்ணூறு யார்டில் மான் திரும்பி நிற்கும்வரை துப்பாக்கியைத் தோளில் வைத்தபடி காத்திருந்தாள். "இப்போ சுடட்டுமா அம்மா?" என்று காதுக்குள் கேட்டாள். குரலில் நடுக்கமே இல்லை. என் கைதான் நடுங்கியது. 100 கிரெய்ன் தோட்டா, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால். நாற்பது அடி போய் விழுந்தது.

சோளக்காடு, ஒஹையோ

எச்1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்க வேட்டை லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். அது வந்த அன்றே கடைக்கு ஓடி .308 ரூகர் வாங்கிவிட்டேன். பயிற்சி எல்லாம் நன்றாகப் போனது. சீசன் முதல் நாள் விடியற்காலை, நிலத்துக்காரப் பெரியவர் டார்ச் அடித்துக் குழலில் பொறித்திருந்ததைப் படித்தார். "இது இங்கே ஆகாது, காரில் வைத்துவிடு" என்றார். ஒஹையோவில் ரைஃபிளால் மான் சுட நேர்க்குப்பித் தோட்டாதான், அதாவது குப்பி நேராக இருக்கும் தோட்டாதான் அனுமதி, .308 மாதிரி கழுத்துக் குறுகியது கூடாது. லைசென்ஸ் வகுப்பிலேயே சொன்னார்கள், என் காதில் ஏறவில்லை. மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவன், அவர் சமையலறையில் காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். இப்போது வைத்திருப்பது நேர்க்குப்பி வகையான .350 லெஜண்ட். 2019-ல்தான் வந்தது. உதை குறைவு, நூற்றைம்பது யார்டுக்குள் நம்பலாம். காலிபர் பேச்சுக்கு முன்னால் உங்கள் மாநில விதிப் புத்தகத்தைப் படியுங்கள்.

பனிக்காடு

எல்லாருக்கும் நன்றி. மிசோரி அம்மா சொன்னது எனக்கு ஆறுதல். ஆனால் முள்காடு அண்ணன் சொன்ன சோதனையை விட மனசில்லை. மேக்னத்தை விற்றுவிட்டுப் போன வருடம் .308 வாங்கியிருந்தேன். நேற்று நண்பரை அழைத்துக்கொண்டு போனேன். முதலில் காலியாகக் கொடுத்திருக்கிறார். விசையை இழுத்தேன், டிக் என்று சத்தம், குழல் முனை ஒரு விரல்கடை கீழே போனது. நான்கு வருடம் கழித்தும்.

பதினைந்து தடவை செய்தோம். கடைசி மூன்றில் ஆடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போகிறோம்.