புதுப்பிப்பு: பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. 11ஐ ஏற்காத என் லேப்டாப்பை என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொன்னீர்கள். சரி, போட்டாயிற்று.

வைஃபை, பிரின்டர் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தானாகவே வேலை செய்தன. தலைவலி கொடுத்தது பாமினி என்ற தமிழ் எழுத்துருதான். தங்கச்சி ஹட்டனில் டியூஷன் கொடுக்கிறாள். அவளுடைய வினாத்தாள்கள் முழுக்கப் பாமினியில். லிப்ரே ஆபிஸில் (வேர்ட் போன்ற இலவச மென்பொருள்) திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். பாமினி யூனிகோட் (தமிழ் எழுத்துகளுக்குத் தனி இடம் தரும் பொதுக் குறியீட்டு முறை) இல்லையே, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. அந்த எழுத்துருக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவியதும் வினாத்தாள் பழையபடி தமிழில் வந்தது. இனி யூனிகோடில் அடி என்று சொல்லியிருக்கிறேன். கேட்பாளா என்பது வேறு கதை.

அப்டேட் டேட்டாவைத் தின்றுவிடும் என்று ஒருவர் பயமுறுத்தினார். இல்லை, பட்டியலைக் காட்டிவிட்டு நான் சொல்லும்வரை காத்திருக்கிறது. இரவு டேட்டாவில் இறக்கிக்கொள்கிறேன்.

அப்புறம், மஸ்கெலியாவிலிருந்து கேட்டவருக்கு: 4 ஜிபி ரேம் என்றால் மின்டின் இலகுவான பதிப்பான எக்ஸ்எஃப்சிஇயைப் போடுங்கள்.